இடப்பக்கம் திரும்பாத கைப்பிடி

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு, சார். பெயர் பூமயில், வயது நாற்பத்து நான்கு. இடப்பக்கம் திரும்பாத ஒரு புது மோட்டாரை அவள் தலையில் கட்டினார்கள். கேட்டதற்கு, "இஞ்சின்ல ஒரு குறையும் இல்லை, பொம்பளையாளு கைக்கு வலு பத்தலை" என்றார்கள். இதுதான் வழக்கு. ஃபைலில் என்னம்மா இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான் இருக்கிறது. இந்த பஸ் மதுரை போய்ச் சேர இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தூக்கம் வந்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன். இல்லை, நிறுத்த மாட்டேன். முக்கியமான இடத்தில் மட்டும் தூங்கிவிடாதீர்கள்.

எங்கள் ஊர் சங்குவலசை. நீங்கள் ஏறினீர்களே ராமநாதபுரம், அதற்குக் கிழக்கே கடலோரம். அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் பாசி வளர்க்கிறார்கள். தரையில் இல்லை, கடலில். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறு ஓட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து மிதக்க விடுவார்கள். நாற்பத்தைந்து நாளில் வெட்டு. முன்பெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போய்விடுவார்கள். போன வருஷம் கரையோரத் தண்ணீர் சூடேறிப் பாசியெல்லாம் வெளுத்துப்போனது. மிதவைகளை ஆழத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். ஆழத்துக்கு எப்படி நடப்பது? போட் வேண்டும். ஒரு வருஷம் மனு மேல் மனு. யார் எழுதியது? நான். மதுரைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருஷம். பேச்சுப் போட்டியில் இதுவரை தோற்றதில்லை, அது இருக்கட்டும். கடைசியில் மானியத்தில் போட் வந்தது. இருபத்திரண்டு அடி ஃபைபர் போட், பின்னால் மாட்டுகிற புத்தம்புது மோட்டார். மோட்டாரில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருகினால் வேகம், அசைத்தால் திசை. அவ்வளவுதான் வண்டி.

யார் ஓட்டுவது? எங்கள் கரையில் அதுவரை எந்தப் பெண்ணும் ஓட்டியதில்லை. அம்மா "நான் ஓட்டுறேன்" என்றாள். அவளுடைய அண்ணன் போட்டில் பதினைந்து நாள் பழகினாள். ஊர்க் கமிட்டித் தலைவர் கருமலையான், அம்மாவுக்கு மாமா முறை, அவர் சொன்னார்: "ஒரு மாசம் ஓட்டிப் பாரு, ஆத்தா. சரிவரலைன்னா டிரைவரா ஒரு ஆம்பளைப் பயலை வச்சுக்கிடணும். கடல்ல வெளையாட முடியாது."

டிரைவர் வைத்தால் என்ன என்கிறீர்களா? பக்கத்து ஊர்க் குழு வைத்தது. அவன் எழுந்து பல் விளக்கி டீ குடித்து வருகிற வரைக்கும் ஐந்து பெண்கள் கரையில் குந்தியிருப்பார்கள். அவனுக்குக் கல்யாண வீடு என்றால் பாசி அழுகும். ஆறே மாதத்தில் அது "அவன் போட்" ஆகிவிட்டது. அம்மா கையில் அந்தக் கைப்பிடி இருப்பதும் இல்லாததும் அவ்வளவு பெரிய விஷயம், சார்.

இப்போது மோட்டார் மாட்டிய நாளைச் சொல்ல வேண்டும். வழக்குக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் நான் விவரம் இல்லாமல் பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

கொத்தலிங்கம் அண்ணன்தான் எங்கள் பக்கத்தில் மோட்டார் மாட்டுகிறவர். பின்பலகையில் நூல் பிடித்து அளந்து, நட்டநடுவில் கரிக்கோடு போட்டார். நான் முந்தின நாள்தான் அந்தப் பலகையில் பெயிண்டரை வைத்து எழுதியிருந்தேன்: "சங்குவலசை பெண்கள் பாசிக் குழு." மோட்டார் நடுவில் உட்கார்ந்தால் எந்த வார்த்தை மறையும்? நீங்களே பாருங்கள். "பெண்கள்" மறையும்! மிச்சம் இருப்பதை ஊர் எப்படிப் படிக்கும்?

"நிறுத்துங்கண்ணே" என்றேன். "இடது பக்கம் தள்ளி மாட்டுங்க."

"தங்கச்சி, இஞ்சின் நடுவுலதான் உக்காரணும்."

"எந்த விதியில இருக்கு?"

"விதியெல்லாம் எனக்குத் தெரியாது. எல்லா போட்லயும் அப்படித்தான்."

"எல்லா போட்லயும் ஆம்பளைங்கதான் ஓட்டுறாங்க. அதுக்காக?"

ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா, "பேரைப் பக்கவாட்டுல எழுதிக்கிடலாமேடி, யோகு? ரெண்டு பக்கமும் எடம் சும்மாத்தானே கெடக்கு" என்றாள். கேட்டீர்களா, சார்? பெண்களை ஓரத்தில் எழுதச் சொல்வது ஒரு பெண்! அங்கேயே நின்று கால் மணி நேரம் விளக்கினேன். வெயில் ஏறிவிட்டது. "சரிண்ணே, அவ சொல்றபடி மாட்டிருங்க" என்றாள் அம்மா. ஒரு முழு அடி இடது பக்கம் தள்ளி மாட்டினார். "சங்குவலசை" மறைந்தது. மறையட்டுமே. ஊர் எங்களுக்கு என்ன செய்தது?

கருமலையான் வந்து பின்னால் நின்று படித்தார். "ஊரு பேரைக் காணோமே" என்றார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சரி, அதை விடுங்கள்.

முதல் நாளே மோட்டார் தன் யோக்கியதையைக் காட்டிவிட்டது. கைப்பிடி கல் மாதிரி. அதுவும் ஒரே மாதிரியான கல்லாக இருந்தாலாவது பரவாயில்லை. போட் வலது பக்கம் தானாக நழுவிக்கொண்டு போகும். இடது பக்கம் திருப்ப இரண்டு கையும் வேண்டும். நேராகப் போக வேண்டும் என்றால்கூட, கைப்பிடியை விடாமல் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் போட் வலது பக்கம் வட்டமடிக்கும். அம்மா திரும்பி வந்தபோது இடது கையைத் தூக்கித் தலை முடிய முடியவில்லை. நம்புத்தாய் சித்திதான், அவரும் குழுவில் ஒருவர், கொண்டை போட்டுவிட்டார்.

கடைக்குப் போன் போட்டேன். ராமநாதபுரத்துக் கடை. "புது இஞ்சின்ம்மா, பொம்பளையாளு கைக்குக் கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். பழகிரும்" என்றார் அந்த ஆள். பழகிரும்! அன்றைக்கே முதல் நோட்டீஸ். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். இதோ, இணைப்பு ஒன்று. நீங்கள் படித்துப் பாருங்கள், மூன்றாவது பத்தி எனக்கே பிடித்த பத்தி.

மூன்றாம் நாள் கொத்தலிங்கம் அண்ணன் ஸ்பானரோடு வந்தார். மோட்டார் திரும்புகிற தண்டுப் பக்கத்தில் ஒரு போல்ட் இருக்கிறது. "இதை ஒரு அரைச் சுத்துத் தளர்த்திப் பாப்போம், பூமயிலு" என்று குனிந்தார். நல்லவேளை, நான் இருந்தேன். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்பானர் தண்ணீரில் விழுந்துவிட்டது. வாரண்ட்டிச் சீட்டை நான் வரிக்கு வரி படித்தவள், சார். கம்பெனி ஆள் தவிர வேறு யார் கை வைத்தாலும் வாரண்ட்டி செல்லாது. அதோடு அது சாட்சியம். குறை உள்ள பொருளை நாமே கை வைத்துவிட்டால் குறையை எப்படி நிரூபிப்பது? அந்த போல்ட்டின் மேல் கறுப்பு டேப் சுற்றி, அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மோட்டாரோடு வந்த புத்தகத்தையும் ஃபைலில் வைத்துக்கொண்டேன். நான்கு மொழியில் அச்சடித்திருக்கிறார்கள், ஒன்றுகூடத் தமிழ் இல்லை. அது தனிக் குற்றச்சாட்டு. இணைப்பு மூன்று.

"அப்போ நான் எப்படிடி ஓட்டுறது?" என்று கேட்டாள் அம்மா.

"கொஞ்ச நாள்மா. நியாயம் கெடைக்கிற வரைக்கும்."

என் அம்மாவுக்கு வாதம் வராது. எல்லாவற்றுக்கும் பேசாமல் இருப்பாள், அவள் சம்மதிக்கிறாள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பத்தாம் நாள் கடையிலிருந்தே போன். "மெக்கானிக்கை அனுப்புறோம்மா, ஒரு பார்வை பாத்துட்டு வரட்டும்" என்றார்கள். எப்படிப் பின்வாங்குகிறார்கள் பாருங்கள்! பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவான். "குறை இருக்குன்னு முதல்ல எழுத்துல ஒத்துக்கங்க, அப்புறம் போட்டைத் தொட விடுறேன்" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது நோட்டீஸ்.

அம்மாவின் தோள் வீங்கிவிட்டது. நான்கு கோணத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், தேதியோடு. இது பதினான்காம் நாள். இது பதினேழு. வித்தியாசம் தெரிகிறதா? உப்பு ஒத்தடமெல்லாம் நம்புத்தாய் சித்தி பார்த்துக்கொண்டார். எனக்கு மூன்றாவது நோட்டீஸ் வேலை இருந்தது.

இருபத்தோராம் நாள் நடந்ததுதான் வினை. கச்சான், அதுதான் மேல்காற்று, பலமாக அடித்த நாள். ஈரப் பாசி ஏற்றிக்கொண்டு ஐந்து பேரும் திரும்பி வருகிறார்கள். அலை ஒன்று தூக்கிப் போட்டதில் அம்மாவின் கை ஒரு நொடி நழுவியிருக்கிறது. போட் வலது பக்கம் வெட்டிக்கொண்டு போய், கருமலையான் போட்டிருந்த வலையைக் கிழித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. வலை போனது.

சாயங்காலம் கரையில் கூட்டம் கூடிவிட்டது. கருமலையான் கிழிந்த வலையை மணலில் விரித்துப் போட்டுக்கொண்டு நின்றார். "இதுக்குத்தான் சொன்னேன், ஆத்தா. நாளையிலேர்ந்து பயலை வையி."

நான் முன்னால் போனேன். நாற்பது நிமிஷம் பேசினேன், சார், நிறுத்தாமல். உழைப்பு, உரிமை, சமத்துவம், நுகர்வோர் சட்டம், எதையும் விடவில்லை. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "உன் பேச்சு நேராத்தான் போவுது, பாப்பா. போட்டு போகலையே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நம்புத்தாய் சித்திகூட. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அப்போது அம்மா வாயைத் திறந்தாள். "மாமா, காலையில நீங்க ஒரு சுத்து பிடிச்சுப் பாருங்க. அதுக்குப் பெறகு நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்."

"நானா? முப்பது வருசமா ஓட்டுறேன் ஆத்தா, எனக்கென்ன?"

"அதான் சொல்றேன், மாமா."

மறுநாள் காலை ஆறரை மணி. போட்டில் மூன்றே பேர். அவர், அம்மா, சாட்சிக்கு நான், ஃபைலோடு. காற்று முந்தின நாளுக்குக் குறையவில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு அம்மா ஓட்டினாள். பிறகு, "பிடிங்க மாமா" என்று இடம் மாறி உட்கார்ந்தாள்.

அவர் ஒரு கையால், வெற்றிலையை மென்றுகொண்டே பிடித்தார். கைப்பிடியைத் திருகி வேகம் வைத்தார். அவ்வளவுதான், போட் வலது பக்கம் ஒடித்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? பழைய கல்பாலத்தின் இடிந்த முனை. தண்ணீருக்கு மேலே பாதி, கீழே பாதி. அவர் இழுக்கிறார், கைப்பிடி வரவில்லை. இரண்டாவது கையும் போட்டார். வெற்றிலையைத் துப்பினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. போட் நேராகிறது, அலை தட்டுகிறது, மறுபடியும் வலது. கல்லில் ஒட்டியிருக்கிற சிப்பியை என்னால் எண்ண முடிந்தது, சார், அவ்வளவு கிட்டத்தில். "விதிப்படி பாத்தா" என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். "வாய மூடிக்கிட்டுக் கீழ உக்காருடி!" என்று அம்மா கத்தினாள். என் வாழ்க்கையில் அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா அவரைத் தோளால் தள்ளினாள். ஊர்த் தலைவரை! வேகத்தைச் சட்டென்று குறைத்தாள். கைப்பிடியை இழுக்கவில்லை. காலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தாள். கைக்குப் பதிலாக முதுகால் திருப்பினாள் என்று வையுங்கள். போட்டின் முனை மெதுவாக, மிக மெதுவாக இடது பக்கம் வந்தது. கல் எங்கள் வலது பக்கமாக, ஒரு முழ தூரத்தில், கடந்து போனது. ஃபைல் முழுக்க நனைந்துவிட்டது. இதோ பாருங்கள், இணைப்பு இரண்டில் மை ஊறியிருக்கிறதே, அது அன்றைக்கு ஊறியதுதான்.

கருமலையான் கேட்டார். "இதையா இருபத்தோரு நாளா ஓட்டுன?"

"ஆமா, மாமா."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். தோல் உரிந்திருந்தது.

நான் சொன்னேனே என்றேன். ஆதாரம் எப்போதும் பேசும். இரண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் ஒரு பையோடு கம்பெனி மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். நசீர் என்று பெயர், இருபத்தைந்து வயது இருக்கும். எழுத்தில் எதுவும் வராமல் இவன் எப்படி வந்தான்? அம்மா எனக்குத் தெரியாமல் நம்புத்தாய் சித்தி போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள்! அதற்கு இன்னும் அவள் விளக்கம் தரவில்லை.

அவன் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தான். டேப்பைப் பார்த்தான். "இது யாருங்க ஒட்டுனது? கையெழுத்தெல்லாம் போட்டிருக்கு?"

"நான்தான். சாட்சியம்" என்றேன்.

"லாரியில வரும்போது ஆடக் கூடாதுன்னு இந்த போல்ட்டை இறுக்கித்தான் அனுப்புவாங்க, சிஸ்டர். மாட்டுன அன்னிக்கே தளத்திரணும். கொத்தலிங்கம் அண்ணனுக்குத் தெரியுமே?"

கொத்தலிங்கம் அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நசீர் டேப்பைக் கிழித்து, அரைச் சுற்றுத் தளர்த்தினான். கைப்பிடி அசைந்தது. பிறகு பின்னால் போய் நின்று பலகையைப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். "நடுவுல இல்லாம இங்க ஏன் மாட்டுனீங்க? இதுனாலதான் ஒரு பக்கமா இழுக்குது. யாரு மாட்டச் சொன்னது?"

கம்பெனிக்காரன் என்றதும் பயந்துவிட்டார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், நான்தான் பேசுவேன் என்று. பேசினேன். "நடுவுலதான் மாட்டணும்னு எந்த விதியில இருக்கு?"

அவன் என் கையிலிருந்த ஃபைலை வாங்கி, நனைந்த புத்தகத்தைப் பிரித்து, ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினான். படம் போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் போல்ட்டுக்கும் படம் இருந்தது. சரி, இருந்தது. ஆனால் எந்த மொழியில்? அதைத்தானே நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்! தமிழில் போட்டிருந்தால் அம்மாவே படித்திருப்பாள். எனக்கு ஆங்கிலம் தெரியும்தான், ஆனால் நான் வாரண்ட்டிப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் எத்தனை பக்கத்தைத்தான் படிப்பது?

அவனும் கொத்தலிங்கம் அண்ணனும் சேர்ந்து மோட்டாரை நடுவுக்கு மாற்றினார்கள். "பெண்கள்" மறைந்தது. அம்மா ஓட்டிப் பார்த்தாள். ஒரு கையால். இரண்டு விரலால் என்றே சொல்லலாம். பெரிய வட்டம் ஒன்று இடது பக்கமாகவே போட்டுவிட்டு வந்தாள். கரையில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் முக்கியமான இடம். தூங்கவில்லையே?

நசீர் ஒரு படிவத்தை எடுத்தான். "அக்கா, குறை என்னன்னு ஒரு கட்டத்துல டிக் போடணும். இஞ்சின் குறையா, மாட்டுனதுல குறையா, ஓட்டுனவங்க குறையா? சொல்லுங்க, அப்படியே போட்டுர்றேன்."

கருமலையான் பக்கத்தில் வந்து நின்றார். "கம்பெனித் தாள்ல என்ன எழுதியிருக்கோ அதுதான் தீர்ப்பு, ஆத்தா. ஓட்டுறதுல உனக்குக் குறை சொல்ல மாட்டேன், என் கை உரிஞ்சிருச்சு. ஆனா மாட்டத் தெரியலைன்னு எழுதுனா, கமிட்டியில கேப்பாங்க. ஒரு போல்ட்டு வெவரம் தெரியாதவங்ககிட்ட போட்டை விட்டா எப்படின்னு கேப்பாங்க. பயலை வைக்கத்தான் சொல்லுவாங்க."

பாருங்கள், சார், என்ன நெருக்கடி! முதல் கட்டத்தில் டிக் போட்டால் என் மூன்று நோட்டீஸும் ஜெயிக்கும், ஆனால் நசீருக்கு வேலை போய்விடும்போல, அவன் முகம் அப்படி இருந்தது. இரண்டாவதில் போட்டால் குழுவே கெட்டது. மூன்றாவதில் போட்டால் அம்மா கெட்டாள். நான் அவள் காதில், "முதல் கட்டம்மா, முதல் கட்டம்" என்றேன். அந்தப் பையனுக்கு வேறு வேலை கிடைக்கும், நீதி கிடைக்குமா?

அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கி, மெதுவாக, தானே கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு பதில் சொன்னாள். அந்தப் பதிலைக் கேட்டுக் கருமலையான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருக்கட்டும் ஆத்தா, கைப்பிடி உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கொத்தலிங்கம் அண்ணன் முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். பெயிண்டரைக் கூப்பிட்டு, போட்டின் இரண்டு பக்கமும், முழ உயர எழுத்தில், முழுப் பெயரையும் எழுதச் சொல்லியாகிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் ஒரு அதிகாரபூர்வமான படிவத்தில் கேட்ட கேள்விக்கு அது பதிலா? கேட்டது என்ன, சொன்னது என்ன? நேற்றிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. நசீர் அதை அப்படியே எழுதியும் கொண்டான், நகல் இங்கே இருக்கிறது. இணைப்பு பதினொன்று. நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்:

"நாலாவதா ஒரு கட்டம் போட்டுக்க, தம்பி. என் மகளுக்கு லீவு முடிஞ்சிருச்சு, நாளைக்கு மதுரைக்குப் போறா. இனிமே கைப்பிடி லேசா இருக்கும்னு எழுது."